அன்புடன் அழிக்கிறோம்

கடுகு வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. பையை மூலையில் எறிந்தாள். அதிலிருந்து விழுந்த தண்ணீர் பாட்டில் உருண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. அதற்குப் பிழைக்கத் தெரிந்திருந்தது.

ஆள் சிறியவள், கோபம் பெரியது. அதனால்தான் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆனால் இன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது.

நாளை பள்ளி ஆண்டு விழா. மேடையில் நின்று வரவேற்கப்போவது அவள்தான். இன்று நடந்த ஒத்திகையில், "எங்கள் தலைமை ஆசிரியரை அன்புடன் அழைக்கிறோம்" என்று சொல்வதற்குப் பதிலாக, "அன்புடன் அழிக்கிறோம்" என்று கணீரென்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மணி அடிப்பதற்குள் அவளுக்குப் புதுப் பெயரும் வந்துவிட்டது: அழிரப்பர்!

"என்னடி ஆச்சு?" தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலை!"

"ஒண்ணும் ஆகாததுக்கா இவ்வளவு சத்தம்?"

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்!"

அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். "அன்புடன் அழி..." மறுபடியும் அதே உளறல்!

"மக்கு! மண்டு! ஒரு வார்த்தை ஒழுங்கா வருதா உனக்கு? நாளைக்கும் நீ உளறத்தான் போறே!"

கதவு மெல்லத் திறந்தது. கையில் ஒரு ஷூவோடு தம்பி வாலு நின்றான்.

"அக்கா, யாரைத் திட்டுறே?"

"என்னைத்தான். போடா!"

வாலு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான். "அவ பாவம்ல?"

கடுகு அவன் கையிலிருந்த ஷூவைப் பிடுங்கினாள். கயிறு முடிச்சு விழுந்து கிடந்தது. வெடுக்கென்று இழுத்தாள். முடிச்சு இன்னும் இறுகியது.

"நானே கட்டினேன்," என்றான் வாலு. அவன் உதடு பிதுங்கியது. "நானும் மக்குதானே?"

"யார்ரா சொன்னது? புதுசா கட்டும்போது அப்படித்தான் ஆகும். பரவாயில்லடா, இன்னொரு தடவை கட்டலாம்."

சொல்லிவிட்டுக் கடுகு திகைத்தாள். தம்பி தப்பு செய்தால் தட்டிக்கொடுக்கிறாள். தான் தப்பு செய்தால் மட்டும் இத்தனை வசவா? இது என்ன நியாயம்?

தரையில் உட்கார்ந்தாள். தரை சில்லென்றிருந்தது. பக்கத்து அறையில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடியது. அவள் நெஞ்சும் அப்படித்தான் ஓடியது. அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு, முடிச்சை மட்டும் பார்த்தாள். மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. நகத்தால் நெம்பினாள். முடிச்சு தளர்ந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் மெதுவாக. "எல்லாரும் சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு."

வாயைத் திறந்து சொன்னதும் கோபம் பாதி இறங்கியது. கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்து, "பரவாயில்லடி," என்றாள். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் ஒரு ரப்பரைத் தூக்கிக் காட்டினான். கடுகுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே தொடங்கினாள்.

"எங்கள் தலைமை ஆசிரியரை அன்புடன் அழி..."

குபீரென்று சிரிப்பு எழுந்தது. காது சுட்டது. அவள் நெஞ்சில் கை வைத்தாள். பாதத்தைத் தரையில் அழுத்தினாள். ஒரு மூச்சு.

"பரவாயில்லடி, இன்னொரு தடவை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தனக்குள் என்று அவள்தான் நினைத்தாள். மைக்குக்கு ரகசியம் காக்கத் தெரியாது. அரங்கம் முழுவதும் அதைக் கேட்டு அமைதியானது.

"அன்புடன் அழைக்கிறோம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. தலைமை ஆசிரியர் மேடையேறி, "அழிக்காம விட்டதுக்கு நன்றிம்மா," என்று சிரித்தார்.

கடைசி வரிசையில் வாலு நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். "அக்கா! இன்னிக்கும் அவளைத் திட்டினியா?"

"இல்லடா," என்றாள் கடுகு, மைக்கிலேயே. "இன்னிக்கு அவ தப்பிச்சிட்டா!"