கறுப்புத் துணிக்குப் பின்னால்

படத்தில், நாற்காலியில் இருந்த குழந்தையின் இடுப்பைக் கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கை பிடித்திருந்தது. அதில் சுண்டுவிரல் இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களைச் சுத்தம் செய்பவளுக்குத் தெரியும். அந்தக் காலத்துக் கேமராவின் முன் பல விநாடி அசையாமல் இருக்க வேண்டும், கைக்குழந்தை கேட்குமா? அதனால் அம்மாவே, தான் படத்தில் தெரியாதபடி கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளையை மடியில் பிடித்திருப்பாள்.

ஆனால் காலையிலிருந்து பார்த்த பதினோரு படங்களிலும் குழந்தைகள் வேறு வேறு. கை ஒன்றே. பின்பக்கத் தேதிகளில் நாற்பது வருடம் ஓடியிருந்தது, கைக்கு வயதாகவில்லை.

"நாலு மணிக்குள்ள எல்லாம் கண்காட்சிக்கு வேணும். பிள்ளைக்குக் காய்ச்சல்னு மறுபடி கதை விடாதீங்க," என்று அதிகாரி கதவோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாத மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள், மனசெல்லாம் வீட்டில்தான்.

ஜன்னலில்லாத அந்த அறையில் ஏசி உறுமிக்கொண்டே இருக்க, பழைய பசையின் புளித்த வாடை தொண்டையில் ஒட்ட, அவள் பன்னிரண்டாவது படத்தை விளக்கடியில் இழுத்தாள். இதில் துணிக்கு மேலே, தலை தெரிய வேண்டிய இடத்தில், யாரோ மையையும் கெட்டியாக அப்பியிருந்தார்கள். மேலே பூசிய மையைத் தொடக் கூடாது என்பது அங்கே விதி. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்து, ஈரப் பஞ்சால் துடைத்தாள்.

மை கரைந்தது. முகம் இல்லை. ஆளே இல்லை. குழந்தைக்குப் பின்னால் வெறும் நாற்காலி. கையும் காணோம், குழந்தையின் சட்டையில் நான்கு விரல் அழுந்திய சுருக்கம் மட்டும்.

மற்ற படங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் கை மறைந்து, துணி தொய்ந்து கிடந்தது.

வீட்டிலிருந்த கணவனை அழைத்தாள்.

"பாப்பா எங்க?"

"இங்கதான். காலையிலேருந்து ஒரே ரகளை. இப்பதான் நாற்காலியில அசையாம உட்கார்ந்திருக்கா."

"யார் பிடிச்சிருக்காங்க?"

"யாரும் இல்ல, தானாத்தான். இரு, போட்டோ அனுப்புறேன். ஆமா, நாற்காலிக்குக் கறுப்புத் துணி எப்பப் போட்ட?"

"தூக்குங்க அவள!"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

படம் வந்தது.

மகள். இமைக்காத கண்கள். பின்னால், ஆள் உயரத்துக்குக் கறுப்புத் துணி.

இடுப்பில் நான்கு விரல்கள், சட்டை கசங்க இறுக்கிப் பிடித்தபடி.