கரி பிடித்த பக்கம்

முள்ளியவளையில் கமலாசனியின் புது வீட்டை நானும் என்னோடு வேலை செய்யும் மேசன் இளையதம்பியும்தான் கட்டினோம். 1998ஆம் ஆண்டு. யுத்தத் தடையால் வன்னிக்குள் சீமெந்து வராத காலம் என்பதால் சுண்ணாம்பும் களிமண்ணும் குழைத்தே சுவர் எழுப்பினோம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மூன்று வருடமாகக் கொட்டிலில் கிடந்த குடும்பம், மறுநாள் காலை பால் காய்ச்சிக் குடிபுக வேண்டும்.

வீட்டை ஒப்படைக்க முன் இரண்டு விஷயம் பார்க்காமல் நான் விடமாட்டேன். உள்ளே காற்றோடிக் குளிர்ச்சி நிற்கிறதா, அடுப்புப் புகை வெளியே போகிறதா. சுவர்களின் மேல் ஓட்டைகளில் பழைய சாரத்துணித் துண்டுகளைத் தொங்கவிட்டேன். எல்லாம் வெளிப்பக்கமாக ஆடின. இனிக் குசினி அடுப்பு.

புகைக்கூட்டை இளையதம்பி தனியாகக் கட்டியிருந்தான். நான் மலேரியாவில் படுத்திருந்த கிழமை அது. பத்து வருடம் கூட வேலை செய்தவன் என்பதால் நான் உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை.

ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுப்பில் கொளுத்தினேன். நல்ல மத்தியானம். கமலாசனி சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள்.

"வீரையா அண்ணை, புகை இழுக்குதோ?"

"இழுக்கும் தங்கச்சி. கொஞ்சம் பொறுங்கோ."

புகை மேலே ஏறியது. நின்றது.

பிறகு மெல்ல இறங்கி வந்தது.

அதில் பொச்சுமட்டை மணம் இல்லை. சோறு அடிப்பிடித்துக் கருகும் மணம்.

"சோறு வைச்சனீங்களோ?"

"இல்லையே அண்ணை. இண்டைக்கு இன்னும் அடுப்பே மூட்டேல்ல."

குசினி ஓட்டைகளில் தொங்கிய துண்டுகள் அசையவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கல்லில் கை வைத்தேன்.

கிணற்றடிக் கல் மாதிரிக் குளிர்ந்தது.

டோர்ச்சுக்குப் பற்றரி கிடையாது. நெருப்பைத் தள்ளிவிட்டு, கண்ணாடித் துண்டால் வாசல் வெயிலைப் புகைக்கூட்டுக்குள் திருப்பினேன். வெளியே புதுச் சாந்து பூசியிருந்த கூடு, உள்ளே முழுக்கப் பழைய கல். கரி பிடித்த பக்கத்தை உள்ளே வைத்துக் கட்டியிருந்தான். ஒரு கல்லில், சாந்து பூசும் சாந்தகப்பையால் கீறிய 'வ' இருந்தது.

அதைக் கீறியது நான்.

வடிவம்மா என் அக்கா. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், புகை போக வழியில்லாத அறையில் இருமி இருமி வளர்ந்தவள். கனகராயன்குளத்தில் வீடு கட்டியபோது அவள் என்னிடம் கேட்டது ஒரு புகைக்கூடு மட்டும்தான். சண்டை நெருங்கிய அன்று அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடி வந்தாள். சாவியை என் கையில் தந்தாள். வீட்டைப் பார்த்து வரச் சொல்லி நான் அதை இளையதம்பியிடம் கொடுத்தனுப்பினேன். "வீடு அப்பிடியே நிக்குது" என்று சாவியைத் திருப்பித் தந்தான். காய்ச்சலில் அக்காவின் உயிர் போகும்போது அந்த வார்த்தையைத்தான் நான் அவள் காதில் சொன்னேன். நிம்மதியாகப் போனாள்.

இளையதம்பி எனக்குப் பின்னால் வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"ஆள் இல்லாத வீடுதானே வீரையா. கல்லு சும்மா நிண்டு என்ன செய்யப்போகுது?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விடுவியே?"

கையிலிருந்த கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தேன். அடிக்கக் கை எழவில்லை.

அப்போதுதான் புகைக்கூட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

இங்கே எல்லாரும் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வார்கள். சாவி என்று என்னிடம் சொல்ல ஒருத்திதான் இருந்தாள். இருமலுக்குப் பின்னால் அவள் குரல் வந்தது.

"தம்பி... சாவிய ஒங்கிட்டதான குடுத்தேன்."

கமலாசனிக்கும் கேட்டது. பிள்ளையை அணைத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

இளையதம்பி எங்களை மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

அன்று பொழுதுபடுவதற்குள் கூட்டைப் பிரித்தேன். கற்களைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து என் கொட்டில் வளவில் அடுக்கினேன். கமலாசனி முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சினாள். பால் நன்றாகப் பொங்கியது என்றார்கள். இளையதம்பி இப்போதும் வீடு கட்டுகிறான், நன்றாகத் தூங்குகிறான்.

அக்காவின் சாவி என் கொட்டில் தூணில், ஆணியில் தொங்குகிறது. தினமும் காலையில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். துடைக்கும்போது, "கல்ல நான் எடுக்கல அக்கா" என்று சொல்கிறேன்.

மத்தியானம் ஆனதும் அது மறுபடி கரி பிடித்திருக்கிறது. தொட்டால் சுடுகிறது.