தலைவர் போட்ட நீல முடிச்சு

எண்பத்தொன்பதாம் ஆண்டு. நெடுந்தீவு வாசிகசாலையில் அன்று பின்னேரம் கணனித் திறப்பு விழா. ஜெனரேற்றரை இயக்கிவைக்க வள்ளக்காரன் சில்வெஸ்ரர் வந்தபோது, தலைவர் இராசநாயகம் பட்டு வேட்டியோடு கணனிப் பெட்டியின் முன் குந்தியிருந்தார்.

இராசநாயகத்தார் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கோப்புக் கட்டியவர். கட்டாமல் கிடக்கும் எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். பிரதம விருந்தினர் முன்னால் மூடியைக் கழற்றி, "இது மூளை, இது குடல்" என்று விளக்கமளிக்க இருந்தார். குடல் தாறுமாறாகத் தொங்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. பட்டை வயர்களைக் கழற்றி, மடித்து, திரும்பச் செருகி, நீல நைலோன் கயிற்றால் முடிச்சும் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு ஜெனரேற்றரை இயக்கியும் கணனி எழும்பவில்லை. விசிறி சுற்றியது. திரை இருண்டு கிடந்தது. பிளொப்பித் தட்டுச் செருகும் வாயருகே சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் அணையாமல் முறைத்தது.

"அம்பிகை ரீச்சர் பூட்டின மாதிரியே விட்டிருக்கலாம் ஐயா," என்றான் சில்வெஸ்ரர்.

"அவவின்ர பேரை ஏன் இப்ப எடுக்கிறீர்? திறப்புவிழாக் கல்லில என்ர பேரெல்லோ வெட்டிக் கிடக்கு!"

கனடாவிலிருந்து தமையன் அனுப்பிய பாகங்களை யாழ்ப்பாணத்தில் வைத்துத் தன் கையால் பொருத்திப் பூட்டியவள் அம்பிகை. குறிகட்டுவான் துறையிலிருந்து அவளையும் தலைவரையும் பெட்டியையும் ஏற்றி வந்தது சில்வெஸ்ரரின் வள்ளம். ஆபத்தில் பிடித்து மிதக்கவென்று வள்ளத்தில் காற்றடித்த லொறி ரியூப் ஒன்று இருந்தது. பெட்டி குலுங்கக்கூடாதென்று அதை மெத்தையாகக் கீழே வைத்து, நாலாபக்கமும் இதே நீலக் கயிற்றால் கட்டினார் தலைவர். நடுக்கடலில் ஓர் அலை அம்பிகையை வெளியே வீசியது.

"ரியூப்பை அவிட்டு எறியுங்கோ அண்ணை!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள்.

சில்வெஸ்ரர் கத்தியை எடுத்தான். தலைவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டாதையும்! பெட்டி கடலுக்கை போயிடும்!"

சில்வெஸ்ரரும் நின்றுவிட்டான். அம்பிகை மூழ்கிப்போனாள். ஊருக்கு விதி என்று இருவரும் சொன்னார்கள். இரங்கல் கூட்டத்தில் தலைவர் முக்கால் மணித்தியாலம் உருகினார்.

"கரண்டைக் கழற்றும். முடிச்சை அவிட்டுப் பாப்பம்," என்றார் தலைவர், இருண்ட திரையைப் பார்த்தபடி.

சில்வெஸ்ரர் பிளக்கைப் பிடுங்கினான். விசிறி நின்றது.

விளக்கு அணையவில்லை.

பெட்டிக்குள்ளிருந்து பாசி நாற்றம் எழுந்தது. எங்கோ அடியில் தண்ணீர் தளும்பும் சத்தம்.

"இதென்ன, உள்ளுக்கை ஈரம்?" தலைவர் கையை விட்டுத் துழாவினார்.

பட்டை வயர் ஒன்று அவர் மணிக்கட்டில் படிந்தது.

சுற்றியது.

இறுகியது.

"சில்வெஸ்ரர்! இழுக்குது... வெட்டும், கெதியா வெட்டும்!"

கத்தி இடுப்பில்தான் இருந்தது. உருவினான். காதோரம் குளிர்ந்தது. ஈரக் குரல் ஒன்று, வெகு பணிவாக:

"வெட்டாதேங்கோ அண்ணை. பெட்டி பழுதாப் போயிடும்."

சில்வெஸ்ரரின் கை அன்று போலவே நின்றுவிட்டது.

தலைவரின் முகம் பெட்டிக்குள் போனது. குமிழிகள் வெடித்தன. பிறகு அதுவும் இல்லை.

சனம் ஓடிவந்து தூக்கியபோது வயர்கள் காய்ந்து கிடந்தன. தலைவரின் வாயிலிருந்து மட்டும் உப்புத் தண்ணீர் வழிந்து பட்டு வேட்டியின் கரையை நனைத்தது. மாரடைப்பு என்று முடிவானது. தேத்தண்ணி போட்டாயிற்று என்பதால் பிரதம விருந்தினர் கல்லையும் திரைநீக்கினார். ஒரு மணித்தியாலம் உருகினார்.

பெட்டியை ஊரில் வைத்திருக்க எவரும் துணியவில்லை. அடுத்த நாள் காலை சில்வெஸ்ரர் அதைச் சாக்கில் சுற்றிக் குறிகட்டுவானுக்கு ஏற்றினான். வெறும் பலகையில்தான் வைத்தான். ரியூப்பைக் கட்டாமல் தன் காலடியில் போட்டுக்கொண்டான்.

நடுக்கடலில் காற்று எழும்பியது. வள்ளம் சரிந்தது. குனிந்து ரியூப்புக்குக் கை நீட்டினான்.

காலடியில் அது இல்லை.

பெட்டிக்குக் கீழே இருந்தது. நாலாபக்கமும் நீலக் கயிறு, ஈரமாய், இறுகி.

சாக்குக்குள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது.