இரண்டாவது மூச்சு

மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தாறு என்றது வாயாடி. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, போர்வைக்குக் கீழே ஏறி இறங்கும் நெஞ்சை ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். பதினெட்டு. சரியாகப் பாதி.

"உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

வாயாடி என்பது அவள் காலரில் செருகியிருந்த பொத்தான் அளவுக் கருவி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் நர்சுகளுக்காக ஆஸ்பத்திரி கொடுத்த செயற்கை நுண்ணறிவு. மூச்சையும் இருமலையும் கேட்கும், மருந்து அளவை நினைவுபடுத்தும், குறிப்பெழுதி டாக்டருக்கு அனுப்பும், எல்லாவற்றையும் அவள் காதில் மட்டும் சொல்லும். இருபது வருஷமாக மூச்சு எண்ணுகிறவளுக்கு ஒரு பொத்தான் வந்து பாடம் எடுப்பதா என்று முதலில் அவள் முகம் சுளித்தது உண்மை. ஆனால் போன மாதம் ஒருவர் நெஞ்சில் சளி கட்டத் தொடங்கியதை அவள் காதுக்கு எட்டும் முன்பே அது பிடித்துவிட்டது. அன்றைக்கு அவர் பிழைத்தார். அதிலிருந்து இருவரும் சிநேகம்.

கட்டிலில் கிடந்தவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து பேச்சும் கைகாலும் போயிருந்தன. ரத்தம், ஸ்கேன் எதிலும் புதிதாகக் கோளாறு இல்லை என்றார்கள். ஆனாலும் நாலே வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார்.

மத்தியானம் மூன்று மணிதான், ஆனால் வெளிச்சம் பட்டால் அவருக்குக் கண் கூசுகிறது என்று கனத்த திரையை இழுத்துவிட்டிருந்ததால் அறை சாயங்காலம் போல மங்கிக் கிடந்தது. பினாயிலும் பவுடரும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில் வேறொரு வாடை, ஈரத்தோடு மூடிவைத்த டப்பாவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே அப்படி ஒன்று, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. விட்டு விட்டு. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"தப்பா எண்ணலை சிஸ்டர்" என்றது வாயாடி. "ஒருத்தருக்கு முப்பத்தாறு இல்லை. ரெண்டு பேர். ஆளுக்குப் பதினெட்டு."

"என் மூச்சையும் சேர்த்துட்டியா?"

"உங்க மூச்சைக் கழிச்சாச்சு."

சிஸ்டர் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். நோயாளியின் மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ராத்திரி அண்ணன் பக்கத்துல யாரு படுக்கறீங்க?"

"நான்தான் படுத்துட்டிருந்தேன். அங்க படுத்தா எனக்கே மூச்சு முட்டுது சிஸ்டர். லாரிக்காரர் ஹாரன் இல்லாம விடமாட்டார்னு கேலி பண்ணுவேன், அவ்வளவு குறட்டை. இப்ப சத்தமே காணோம். நாலு வாரமா கூடத்துலதான் படுக்கறேன்."

நாலு வாரம்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரெண்டாவது மூச்சு எப்படி இருக்கு?"

"இவர் வெளியே விடும்போது அது உள்ளே இழுக்குது. ஒரு தடவைகூடத் தவறலை. பழைய பதிவுகளையும் இப்ப பார்த்தேன். முதல் நாள் மெல்லிசா இருந்திருக்கு. எதிரொலின்னு நானே தள்ளிட்டேன். தப்பு என்மேலதான்."

டாக்டருக்குப் போன் போட்டாள். அவரும் அதையேதான் சொன்னார். "எதிரொலியா இருக்கும் சிஸ்டர். மிஷினைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்புங்க."

"இவரு மூச்சை விடறப்போ எதிரொலி உள்ள இழுக்குமா டாக்டர்?"

"சொன்னதைச் செய்யுங்க, கழட்டிடுங்க" என்றார் டாக்டர்.

"கழட்ட மாட்டேன். ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

போனை வைத்தாள். அவள் கட்டிலருகே குனிந்தாள். "எங்கேருந்து வருது?"

"அவர் முகத்துக்கு நேர் மேலே. ஒரு சாண் இருக்கும். எனக்குக் கேட்கத்தான் முடியும். பார்க்கறது உங்க வேலை."

பார்த்தாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று. அப்புறம் அவர் கண்களைப் பார்த்தாள்.

நாலு வாரமாக அவர் கூரையை வெறித்துக்கொண்டிருப்பதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர் கூரையைப் பார்க்கவில்லை. இரண்டு கருவிழிகளும் உள்பக்கம் ஒதுங்கி, மூக்குக்கு ஒரு சாண் மேலே நிலைகுத்தி நின்றன. மிக அருகில் இருக்கும் ஒரு முகத்தைப் பார்க்கும் கண்கள்.

கால்கள் வாசலைத் தேடின. கூடவே கோபமும் பொங்கியது. வாய் பேச முடியாத மனுஷனிடமா?

அவள் கையை நீட்டினாள். அவர் வாய்க்கும் அந்த வெறுமைக்கும் நடுவே, உள்ளங்கை மேல்பார்க்க வைத்தாள்.

இழுத்தது. விரலிடுக்கில். ஈரமாக.

"இவரு என் பேஷண்ட்" என்றாள். கையை எடுக்கவில்லை. "தள்ளு."

மற்றக் கையால் கட்டிலின் சக்கரப்பூட்டைத் தட்டிவிட்டாள். "அக்கா, ஓடி வாங்க! கால்மாட்டைப் பிடிங்க. எதுவும் கேக்காதீங்க, இழுங்க!"

கட்டில் வாசற்படியில் இடித்து, ஏறி, கூடத்துக்கு வந்தது. வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வயிறு எக்க ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"இருபது" என்றது வாயாடி. "ஒரே ஆள். நல்ல மூச்சு சிஸ்டர்."

மனைவி அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை சிஸ்டர் வாசலிலேயே நின்றாள். கெலித்துவிட்ட சந்தோஷத்தில் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சிஸ்டர்."

"சொல்லு."

"உங்களுக்கு இருபத்திரண்டு" என்றது வாயாடி. "இன்னொண்ணும் இருபத்திரண்டு."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள்.

"எங்க?"

"முகத்துக்கு நேரா. ஒரு சாண்கூட இல்லை."

அடுத்து அவள் போகவேண்டிய நோயாளியின் வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருந்தது.

"அந்த வீட்டுக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லு. நான் வரலைன்னு எழுது."

"எழுதிட்டேன். நான் உங்ககூட இருக்கேன்."

அவள் பல்லைக் கடித்தாள். விடாத மூச்சை அது எப்படி இழுக்கும் என்று மூச்சைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குப் பூஜ்யம்" என்றது வாயாடி. "அதுக்கும் பூஜ்யம். காத்துட்டிருக்கு."

காத்திருக்கட்டும். அவள் கண்ணை எடுக்கவில்லை. பின்வாங்கவில்லை. பத்து. இருபது. முப்பது. நெஞ்சு எரிந்தது. காது இரைந்தது. தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை. நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடிக்கற்றை மட்டும் மெல்லப் பிரிந்து எழுந்தது. முன்னால் நீண்டது. விறைத்து நின்றது. அதன் நுனி, ஒன்றுமில்லாத இடத்தில், சிறுகச் சிறுக உள்ளே இழுபட்டு மறைந்துகொண்டிருந்தது.