அறுபது கிலோ

மேடையில் யாரும் இல்லை, ஆனால் பெட்டி அறுபது காட்டியது.

சூரியபிரகாஷ் அதைக் கவனிக்காதவன் போல வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பதினொரு வருஷமாகக் கரண்ட் இல்லாமல் பூட்டிக் கிடந்த கல்குவாரி ஆபீஸ். வேனில் தூக்கி வந்த பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் மாட்டி சுவிட்சைப் போட்டதும், மேஜைமேல் தூசி மண்டிக் கிடந்த எடைப்பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு சிவப்பு எண்களோடு கண் முழித்தது. அது செத்திருக்கும் என்றுதான் அவன் நம்பியிருந்தான். சுவரோரம் ஓடுகிற எலிகள் எத்தனை வயரைக் கடித்துப் போட்டிருக்கின்றன, இதை மட்டும் விட்டு வைத்திருக்கின்றனவே என்று எரிச்சலாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே, லாரி ஏறி நிற்கும் இரும்பு மேடை அரை நிலா வெளிச்சத்தில் காலியாகக் கிடந்தது.

"என்னண்ணே, அறுபதுங்குது?" கிரிதர் கேமராவைப் பெட்டியின் பக்கம் திருப்பினான்.

"மண்ணு தம்பி. சருகு, மழைத்தண்ணி, எல்லாம் மேடையில சேந்திருக்கும். இது லாரி நிறுக்குறது. பத்துப் பத்தா ஏறும், பத்துப் பத்தா இறங்கும். இந்தா, இந்தப் பச்சைப் பட்டனை அமுக்குனா ஜீரோ. மேடையில எது இருந்தாலும் இல்லைன்னு எடுத்துக்கும்."

"அண்ணே, அதை அப்பிடியே கேமராவைப் பாத்து இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் மதுவந்தி. "எது இருந்தாலும் இல்லைன்னு எடுத்துக்கும். நல்லா இருக்கு."

சொன்னான். சொல்லி, பட்டனையும் அமுக்கிக் காட்டினான். அறுபது போய் ஜீரோ வந்தது.

மதுவந்திக்கு வார நாளெல்லாம் கோச்சடைப் பக்கம் ஒரு ஸ்கூலில் பிசிக்ஸ் பாடம், சனிக்கிழமை ராத்திரியானால் பேய். கிரிதர் அவள் புருஷன், கேமரா அவன் பொறுப்பு. யூடியூபில் அவர்கள் சேனலுக்கு ரெண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். பாழடைந்த பங்களா, மூடின தியேட்டர் என்று எங்காவது போய் ஒரு ராத்திரி தங்கி, மீட்டரும் ரெக்கார்டருமாக உட்கார்ந்திருப்பார்கள். வயர் வேலைக்குச் சூரியபிரகாஷ். பேய் வருகிறதோ இல்லையோ, முறுக்குப் பாக்கெட்டும் பிளாஸ்க்கில் டீயும் தவறாமல் வரும். இதுவரை ஒன்பது இடம் போயிருக்கிறான், ஒன்றிலும் அவனுக்கு வியர்த்ததில்லை.

மேலூர் தாண்டி இந்தக் குவாரி என்று மதுவந்தி சொன்ன அன்றைக்கே காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருக்கலாம். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், வந்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தான். இருபத்தைந்து வயதில் இதே அறையில், இதே பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து லாரிக்கு எடைச்சீட்டுப் போட்டவன் அவன். இவர்கள் ரெண்டு பேருக்கும் அது தெரியாது. அவன் மனைவி சுபலட்சுமிக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த வேலையையெல்லாம் யார் துருவிக் கேட்கிறார்கள்.

அறைக்குள் வௌவால் எச்சமும் ஊறின காகிதமும் சேர்ந்த நாற்றம் அடித்தது. பின்னால் தண்ணீர் நிறைந்து கிடந்த குவாரிப் பள்ளத்திலிருந்து காற்று வரும்போதெல்லாம் பாசி வாடையும், அதற்கு அடியில் கல்லை அறுக்கும்போது கிளம்புகிற அந்த ஈரமான சுண்ணாம்பு வாடையும் வந்தது. அறுக்கிற மிஷின் ஓடி பதினொரு வருஷம் ஆகிறது. அந்த வாடை எப்படி வரும் என்று அவனுக்குப் புரியவில்லை. இவர்கள் மூக்குக்கு அது வந்த மாதிரியும் தெரியவில்லை.

மதுவந்தி கேமரா முன்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள்.

"நல்லகாமன். ஊரு உசிலம்பட்டிப் பக்கம். இங்க கல்லுடைக்க வந்தவரு. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில வேலைக்கு உள்ள வந்தாரு, வெளிய போனதை யாரும் பாக்கல. அவரு சம்சாரம் முத்துத்தாய் இன்னமும் மேலூர் பஸ் ஸ்டாண்டுல அவிச்ச கடலை விக்கிறாங்க. நாளைக்குக் காலையில நாங்க நேரா அவங்களைப் பாக்கப் போறோம்."

சூரியபிரகாஷின் கை வயரிலேயே நின்றது.

"மேடம், காலையில வீட்டுக்குப் போறோம்னுதான சொன்னீங்க?"

"போற வழிதானண்ணே. நேத்துத்தான் போன்ல பேசுனேன், பாவமா இருந்துச்சு. இந்த எடைமேடையில இருந்த ஒரு பையன், அவரு உசிலம்பட்டி பஸ் ஏறுனதைக் கண்ணால பாத்தேன்னு சொன்னானாம். அதை நம்பி ரெண்டு வருஷம் ஊரு ஊரா தேடியிருக்காங்க. பையன் பேரு தெரியாதாம். ஆனா மூஞ்சியப் பாத்தா இப்பவும் அடையாளம் சொல்லிருவேன்னாங்க."

விடிந்தால் ஏழு மணிக்குள் முத்துத்தாய் முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் விரலை நீட்டுவாள். கிரிதர் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். ரெண்டு லட்சம் பேர். அப்புறம் போலீஸ், சுபலட்சுமி.

"அண்ணே," என்றான் கிரிதர். "திரும்ப அறுபது."

அறுபதேதான்.

அந்த எண் அவனுக்குப் பழக்கம். தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் நல்லகாமன் சட்டியும் உளியுமாக மேடைமேல் ஏறி நின்று ஜன்னலைப் பார்த்துக் கேட்பார்: எம்புட்டு தம்பி? அறுபது கிலோண்ணே. நேத்தும் அறுபதுதான சொன்ன, உன் மிஷினு என்ன ராசா, கஞ்சி குடிச்சாலும் கறி தின்னாலும் ஒரே எண்ணு சொல்லுது. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கடலைப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று சூரியபிரகாஷ் பலமுறை நினைத்ததுண்டு.

ஒரு மத்தியானம் கல் சரிந்தது. நல்லகாமனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு என்றார் மேனேஜர் முத்திருளன். ராத்திரி பத்து மணிக்குக் கழிவுக்கல் ஏற்றின லாரி ஒன்று, மேலே தார்ப்பாய் போர்த்தி, மேடையில் வந்து நின்றது. மேடையைத் தாண்டித்தான் கழிவு கொட்டுகிற பள்ளத்துக்குப் போகிற கேட். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டைத் திறக்க இறங்கிப் போனான். லாரியில் ஆள் இல்லை. காற்றும் இல்லை. ஆனால் எண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பத்து ஏறியது. பத்து இறங்கியது. திரும்பப் பத்து ஏறியது.

உசிலம்பட்டியில் தொழில் பழகினபோது சந்தை மாட்டு லோடு எத்தனையோ நிறுத்திருக்கிறான். மாட்டு லோடுக்கு எண் நிற்கவே நிற்காது. உசுரோடு இருக்கிறது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், காலை மாற்றிக்கொண்டே இருக்கும். கல் மூச்சு விடாது.

முத்திருளன் பின்னால் வந்து நின்றார். "என்னடா வாயைப் பாத்துக்கிட்டு இருக்க? இந்த லோடுக்குச் சீட்டு வேணாம். ஜீரோ பண்ணு."

பண்ணினான். லாரி பள்ளத்துப் பக்கம் போனது. மறுநாள் வாசல் கேட்டில் வந்து நின்ற முத்துத்தாயிடம், "பஸ் ஏறுனாருக்கா, நான் பாத்தேன்," என்றான். அதை யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

மதுவந்தி நாற்காலியைப் பெட்டிக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டீச்சர் குரல் போய், கோயிலில் பேசுகிற குரல் வந்திருந்தது.

"நல்லகாமண்ணே. நீங்கதானா? ஆமான்னா இந்த எண்ணை அசைச்சுக் காட்டுங்க. இல்லைன்னா அப்பிடியே விட்டுருங்க."

அறுபது. எழுபது. அறுபது.

கிரிதர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

"நீங்க பஸ் ஏறி ஊருக்குப் போனீங்களா?"

எண் அசையவில்லை. வெளியே பூச்சிச் சத்தம் மட்டும்.

"இங்கேயேதான் இருக்கீங்களா?"

எழுபது. அறுபது.

"உங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாருக்காவது தெரியுமாண்ணே?"

எழுபது. அறுபது. எழுபது. அறுபது. நிற்கவில்லை. சிவப்பு வெளிச்சம் மதுவந்தியின் முகத்தில் துடித்தது.

"அந்த ஆளு..." என்று அவள் ஆரம்பித்தபோது சூரியபிரகாஷின் கை தானாக நீண்டு பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டது.

"வோல்டேஜ் நிக்க மாட்டேங்குது மேடம். பேட்டரி கோளாறு."

மதுவந்தி திரும்பி அவனைப் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "உங்களுக்கு வேர்க்குதுண்ணே. ஏதாவது தெரியுமா? இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். தொண்டை வரைக்கும் வந்தது. பதினொரு வருஷத்தில் இப்படி ஒருத்தர் நேராகக் கேட்டதே இல்லை.

"இல்ல மேடம். இந்தப் பக்கமே வந்ததில்ல," என்றான். "வெளிய கனெக்‌ஷனைப் பாத்துட்டு வாரேன்."

டார்ச்சும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டான். மேடைக்கு நடுவில் ஒரு மூடி உண்டு. அதைத் தூக்கினால் உள்ளே நாலு வயர். நாலையும் வெட்டிவிட்டால் பெட்டி ஊமை. யாரும் எதையும் கேட்க முடியாது. காலையில் மேலூருக்கு முன்னாலேயே வயிற்றுவலி என்று இறங்கிவிடலாம்.

வெளியே வந்ததும் பூச்சிச் சத்தம் நின்றது. மேடையில் கால் வைத்தபோது இரும்பு வெதுவெதுவென்றிருந்தது. இப்போதுதான் ஏதோ கனமானது நின்றுவிட்டுப் போன மாதிரி. டீசல் வாடை. ஈரத் தார்ப்பாய் வாடை. சுண்ணாம்பு வாடை. அவன் மூடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

ஜன்னலிலிருந்து கிரிதர் குரல் வந்தது. "அண்ணே, உங்க வெயிட்டு எம்புட்டு?"

"எழுபது தம்பி."

"நூத்தி முப்பது காட்டுது."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. டார்ச் அணைந்தது.

காதோரம் வேர்வை வாடை. அவிச்ச கடலை வாடை.

எம்புட்டு தம்பி?

கத்தினான். சத்தம் வரவில்லை. வாயில் கல்தூசி. முதுகு இரும்பில் படிந்தது. நெஞ்சில் ஒரு கல். தொடையில் ஒரு கல். முகத்துக்கு மேல் தார்ப்பாய். மேலே மேலே கல். விலா ஒன்று உள்ளே உடைந்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

தார்ப்பாயில் கயிறு கோக்கிற ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியே ஜன்னல் தெரிந்தது. உள்ளே சிவப்பு எண்.

எழுபது.

மதுவந்தி டார்ச்சோடு வாசலுக்கு வந்தாள். வெளிச்சம் மேடை முழுக்க ஓடியது. அவன் முகத்தின் மேலேயே ஓடியது. நிற்காமல் தாண்டிப் போனது.

"அண்ணே? சூர்யாண்ணே? கிரி, மேடையில யாருமே இல்லையே."

"பயந்துட்டாரு மது. மூஞ்சியப் பாத்தேல்ல. மெயின் ரோட்டுக்குப் போயி பஸ் ஏறிருப்பாரு. சுபலட்சுமி அக்காவுக்குக் காலையில போன் போட்டுச் சொல்லிருவோம், பஸ் ஏறிட்டாருன்னு."

இல்லை. இல்லை. அவன் உதைத்தான். இடது கால் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"மது. உள்ள வா. எழுபது. எண்பது. திரும்ப எழுபது."

அவள் உள்ளே ஓடினாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நல்லகாமண்ணே, நீங்கதானா?"

அவன் தலையை ஆட்டினான். நான் இல்லை, நான் இல்லை. எண் அசைந்தது.

"அவருதான்," என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அழுகிறாள். "வலிக்குதாண்ணே?"

எண்பது. எழுபது. எண்பது.

"நாங்க உங்களைத் தொந்தரவு பண்றோமா? நிறுத்திரட்டுமா? வேணாம்னா அசைக்காம இருங்க. அப்பிடியே இருங்கண்ணே, நாங்க விடியிற வரைக்கும் கூடவே இருக்கோம்."

அசையக்கூடாது. அசையாமல் இருந்தால் போதும். விடியும். யாராவது வருவார்கள். அவன் காலை நிறுத்தினான். கையை நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தான். எண் எழுபதில் நின்றது. ஒன்று. ரெண்டு. மூன்று. நெஞ்சுக் கல் அழுத்தியது. பத்து. பதினொன்று. இன்னும் கொஞ்சம். இன்னும். தார்ப்பாய்க்குள், அவன் கன்னத்தை ஒட்டி, இன்னொரு வாய் பொறுமையாகக் காத்திருந்தது.

மூச்சு விட்டான்.

எண்பது.

"சரிண்ணே," என்றாள் மதுவந்தி. "கிரி, நிறுத்திரு. பாவம், போதும். அந்தப் பச்சைப் பட்டன்."

ஓட்டை வழியே கிரிதரின் விரல் தெரிந்தது. அது பெட்டிமேல் கொஞ்ச நேரம் தயங்கியது. சூரியபிரகாஷ் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் சேர்த்து உதைத்தான், முட்டினான், உடம்பை முறுக்கினான். எண் துள்ளியது.

விரல் இறங்கியது.

ஜீரோ.

அவன் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் ஒரு லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என்ஜின் உறுமி, மேடை அதிர்ந்து, ஜன்னல் மெதுவாகப் பின்னால் நகரத் தொடங்கியது. அதற்குள் அந்தச் சிவப்பு ஜீரோ அசையாமல் நின்றிருந்தது.