ஆரியசாலையில் ஆறரை மணிச் செய்தி

மலையாளச் சீமையின் இடவப்பாதிப் பருவமழைக்கு நேரம் காலம் கிடையாது. ஆரியசாலைத் தெருமுனையில் செண்பகவல்லி திரும்பியபோதுதான் அதற்குத் தோன்றியது போலிருக்கிறது… கொட்டு கொட்டென்று கொட்டியது. தமிழ்ப் பாடப்புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் மாடிப்படிக்குள் ஓடி நுழைந்தாள்.

நுழைந்த வேகத்தில், மேலிருந்து இறங்கி வந்த ஒருவன்மேல் மோதினாள்.

"அய்யோ… ஸாரி கேட்டோ!" என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கழுத்தில் சுற்றிய ஒரு ஒயர், காதில் ஒரு பென்சில். கண்கள் மட்டும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற கண்கள்.

"ஆகே நனைஞ்சுட்டீங்களே… கொஞ்சம் வெள்ளம் எடுக்கட்டா?"

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. தெருவில் கணுக்கால் அளவு ஓடுகிறது… இதில் கேலி வேறா?

"வெளிய ஓடுத வெள்ளம் போதாதாக்கும்?"

அவன் விழித்தான். பிறகு அவனுக்கே புரிந்து சிரித்துவிட்டான். "குடிக்க… தண்ணி! மலையாளத்துல வெள்ளம்னாத் தண்ணியாக்கும்." சிரித்து முடிக்கும் முன்பே அவன் பார்வை அவள் முந்தானையில் நின்றது. புத்தகத்தின் அட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "தமிழ்ப் புக்கு! நீங்க தமிழ் வாசிப்பீங்களா?"

"தமிழ் டீச்சர்கிட்ட கேக்குத கேள்வியா இது?"

"டீச்சரே… தெய்வமாயிட்டாக்கும் உங்களக் கொண்டுவந்தது. ஒரு பத்து நிமிஷம். மேல வாங்க!"

அவன் பெயர் அழகியநம்பி. மாடியில் இருந்தது ஒரு டிவி நிலையம். நிலையம் என்றால் பெரிய கட்டடத்தையும் கோபுரத்தையும் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு அறை, ஒரு கேமரா, நீலத் துணி தொங்கும் ஒரு சுவர். கேமராவிலிருந்து போகும் ஒயர், டிபன் கேரியர் அளவுள்ள ஒரு பெட்டிக்குள் நுழையும். அங்கிருந்து கிளம்பும் கேபிள் மொட்டைமாடிகள் வழியாகத் தாவித் தாவி, சாலைக் கடைத்தெருவைச் சுற்றியுள்ள எட்டுத் தெரு வீடுகளுக்கும் போகும். வாசல் பலகை மழையில் நனைந்தால் புதுப் பெயருக்கு அடியிலிருந்து பழைய பெயர்கள் தெரியும். முதலில் 'பிரஜின் கேபிள்ஸ்', அப்புறம் 'சிட்டி விஷன்', இப்போது 'சாலை விஷன்'. முதலாளி பிரஜினுக்கு வருஷத்துக்கு ஒரு பெயர் மாற்றாவிட்டால் தூக்கம் வராது.

ஆறரை மணிக்குத் தமிழ்ச் செய்தி. ஆறரை என்று வைத்ததிலும் ஒரு கணக்கு உண்டு. அந்த வருஷம் ஊரில் தினமும் அரை மணி நேர மின்வெட்டு, பகுதி பகுதியாக மாறி மாறி. இந்த எட்டுத் தெருவுக்கும் ஏழு மணிக்கு விளக்கு அணையும். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அன்றைக்குப் பார்த்து, வழக்கமாகச் செய்தியை எழுதி வாசிக்கும் விஜயலக்ஷ்மிக்கு, எழுதி முடித்த கையோடு தொண்டை கட்டிவிட்டது. ஆறு இருபத்தைந்துக்கு நம்பி ஆள் தேடிப் படியிறங்கியபோதுதான் இந்த மோதல்.

ஈரம் சொட்டச் சொட்டக் கேமராவுக்கு முன் அமர்ந்தாள் செண்பகவல்லி. கேமராவின் கண்ணுக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றில் சுற்றிய நீளமான காகிதச் சுருளில், விரல் பருமன் எழுத்தில் செய்தி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த நம்பி கீழ்க்குழாயைத் திருப்பத் திருப்ப, வரிகள் மேலே ஏறி வந்தன. வாசிப்பவர் குனிய வேண்டியதில்லை, பார்ப்பவரின் கண்ணைப் பார்த்தே பேசலாம். ஆனால் சுருட்டுகிறவனுக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்துச் சுருட்டினால் தப்பிவிடும், வாசிப்பவரின் மூச்சைக் கேட்டுத்தான் சுருட்ட வேண்டும்.

அவள் மூச்செடுத்த இடத்திலெல்லாம் அவன் கை நின்றது. இரண்டாவது செய்தியிலேயே அவள் அதைக் கவனித்துவிட்டாள். யாரோ தன் மூச்சை இவ்வளவு அருகிலிருந்து கேட்கிறார்கள் என்பது… என்னமோ செய்தது. மழையில் குளிர்ந்த கன்னம் திடீரென்று சுட்டது.

விஜயலக்ஷ்மியின் தொண்டை சரியாவதற்குள் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் வேலையையே விட்டுவிட்டாள். செண்பகவல்லி தொடர்ந்தாள்.

அவள் திருநெல்வேலிப் பெண். பள்ளியில் ஒரு ஆசிரியைக்குப் பதிலாக வந்தவள், ஆரியசாலையில் பெரியப்பா பகவதிப்பெருமாள் வீட்டில் தங்கியிருந்தாள். மிளகாய் மொத்த வியாபாரம், வியாபாரிகள் சங்கத் தலைவர் என்று பெரியப்பாவுக்கு ஏரியாவில் ஒரு மதிப்பு. நம்பியின் அப்பா திருக்குறுங்குடியிலிருந்து வந்தவர். மகன் பிறந்தது இங்கே, படித்தது மலையாளம். பேசுவான் தமிழ். எழுத, வாசிக்கத் தெரியாது.

அதனால் தினமும் மாலை ஐந்தரைக்கு இப்படி நடக்கும். அவன் மலையாளக் குறிப்பைப் பார்த்துச் சொல்லுவான், அவள் சுருளில் எழுதுவாள்.

"பஸ் மறிஞ்சு நாலு பேருக்குப் பரிக்கு."

"பஸ் கவிழ்ந்து நாலு பேருக்குக் காயம்."

"அதத்தான் நானும் சொன்னேன், டீச்சர்."

"எங்க சொன்னீங்க? பஸ்ஸு மறஞ்சு போயிட்டுன்னு நினைச்சேன்… தேடிட்டு இருக்கேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொள்வான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவாள். வீட்டுக்குப் போகும்போதுதான் அடக்கிய சிரிப்பு உதட்டில் வந்து நிற்கும். 'இந்தச் சிரிப்பை… இவனுக்கென்று ஏன் எடுத்து வைத்திருக்கிறேன்…'

ஒரு புதன்கிழமை. அவள் நாற்காலியில் அமர்ந்து, விளக்கு எரிந்து, "வணக்கம்" சொல்ல ஒரு நிமிஷம் இருக்கும்போது வாசலில் யாரோ மலையாளத்தில் எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுந்து வந்து எழுத அவளுக்கு நேரமில்லை. நம்பி சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மார்க்கரை எடுத்து, தானே ஒரு தாளில் எதையோ எழுதிச் சுருளின் கடைசியில் ஒட்டினான்.

அவள் வாசித்துக்கொண்டே போனாள். காய்கறி விலை, ரயில் நேர மாற்றம்… அப்புறம் அந்தத் தாள் ஏறி வந்தது.

தமிழ்!

கோணல்மாணலாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஆனால் தமிழ் எழுத்து. 'ழ' வர வேண்டிய இடத்தில் மட்டும் மலையாள 'ழ'வைப் போட்டிருந்தான். எப்போது கற்றான்? யாரிடம் கற்றான்? எதற்காக… எதற்காகக் கற்றான்? கேள்விகள் நெஞ்சுக்குள் ஓட, வாய் பாட்டுக்கு வாசித்தது:

"வியாபாரிகள் சங்கத் தலைவர் பகவதிப்பெருமாளின் சம்சாரம், நாளை வியாழன் மாலை ஆறு மணிக்குச் சங்க ஹாலில். அனைவரும் வரலாம்."

'வரலாம்' என்று முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. சம்சாரம்!

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. பெரியப்பா பேசுகிறார் என்று சீட்டில் இருந்திருக்கிறது. அவன் எழுத்தை மாற்றினான், சொல்லை மாற்றவில்லை. எட்டுத் தெருத் தமிழ் வீடுகளிலோ சம்சாரம் என்றால் மனைவி. பெரியம்மா சிவகாமியம்மாளையல்லவா பந்திக்கு அழைப்பதுபோல் ஊருக்கு அறிவித்துவிட்டாள்!

'வணக்கம்' சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து அறையில் டெலிபோன் அலற ஆரம்பித்தது.

"என்ன காரியம் செஞ்சிட்டீங்க!" அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

நம்பிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா அறியாது டீச்சர்… எங்க வீட்ல அப்பா அம்மாவ 'ஏட்டீ'ன்னு விளிப்பார். சம்சாரம்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல…"

"தமிழ் தெரியாதவங்க தமிழ் எழுதக் கூடாது!"

சொன்ன பிறகு அவளுக்கே வலித்தது. அவன் மார்க்கரின் மூடியைத் தேடி எடுத்து, மெதுவாக மூடி, மேசையில் வைத்தான். அவ்வளவுதான். அந்த 'டக்' சத்தம் வீடு வரைக்கும் அவள் கூடவே வந்தது.

வீட்டில் புயல். "எக்கா, நாளைக்கு ஆறு மணிக்காமே?" என்று அதற்குள் மூன்று பேர் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிவகாமியம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பகவதிப்பெருமாள் ஒரே வார்த்தையில் முடித்தார். "இனிமே டிவியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

மறுநாள் பள்ளிக்குப் பிரஜின் போன் செய்தான். "டீச்சரே, திங்களாழ்ச்ச வாசிக்கான் ஆள் இல்லெங்கில் தமிழ்ச் செய்தி நிறுத்தும். ஆறரைக்கு சினிமாப் பாட்டு போடும்."

செய்தி நின்றால் ஐந்தரை மணி இல்லை. ஐந்தரை மணி இல்லாவிட்டால் அவன் இல்லை. இவ்வளவு எளிதாக ஒரு மனிதன் வாழ்க்கையிலிருந்து காணாமல் போக முடியுமா என்று அவள் பகல் முழுக்க யோசித்தாள். போய் மன்னிப்புக் கேட்கலாம்… ஆனால் தப்பு செய்தவன் அவன்தானே? நான் ஏன் இறங்க வேண்டும்? மனசாட்சி மட்டும் மெல்லக் கேட்டது: 'தமிழ் டீச்சர்… நீ ஏன் அதை வாசித்தாய்?'

மாலை ஐந்தே முக்காலுக்கு அடுப்படிக் கதவு திறந்தது. சிவகாமியம்மாள் பட்டுப்புடவையில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?" பெரியப்பா பதறினார்.

"ஊருக்கே அறிவிச்சாச்சு. போகாம இருந்தாத்தான் கேவலம். ஏட்டி செம்பகம், குடைய எடு."

வழக்கமாகச் சங்கக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அன்று உட்கார இடமில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், அதில் பாதி பெண்கள். பெரியப்பா மைக்கைத் தொடுவதற்குள் பெரியம்மா வாங்கிவிட்டாள்.

"டிவியில சொன்ன சம்சாரம் நான்தான். வந்துட்டேன். சிரிச்சு முடிச்சிட்டுச் சொல்லுங்க, பேசுதேன்."

ஹால் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் பேசினாள். "ஓடை அடைச்சா உங்க குடோன்ல மூட்ட நனையுதுன்னு வருஷாவருஷம் பேசுதீங்க. எங்க அடுப்படிக்குள்ளயும் அதே தண்ணிதான் வருது. முழங்கால் தண்ணியில நின்னு உங்களுக்குச் சோறு வடிச்சவ ஒருத்தியயாவது இங்க பேசக் கூப்பிட்டிருக்கீங்களா?"

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டலில் பெரியப்பா தானும் தட்டியாக வேண்டியிருந்தது. தட்டியபோது, முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். நம்பி!

"அம்மா… அத எழுதினது நானாக்கும். டீச்சர் ஒண்ணும் அறியாது. திட்டணும்னா என்னைத் திட்டுங்க."

இத்தனை பேர் முன்னால்… தனக்காக. செண்பகவல்லி திரும்பி அவனைப் பார்த்தாள்.

சிவகாமியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எழுதின, சரி. வாசிச்சவளுக்குக் கண்ணு இல்லயா?"

எல்லாத் தலையும் திரும்பியது. செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"திங்கக்கெழம போய் வாசிட்டி. அர்த்தம் பாத்து வாசி," என்று பெரியம்மா முடித்தாள். பெரியப்பா தலையாட்டி வைத்தார்.

கூட்டம் கலைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெளிப்படியில், கூரைக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நம்பி நின்றிருந்தான். பாதித் தோள் நனைந்துகொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள்.

"தமிழ் எழுத்து… யாருகிட்டப் படிச்சீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. சாலைக் கடைத்தெருவுல இறங்குத மிளகா மூட்ட, வெல்ல மூட்டயப் பாத்து. விருதுநகர், தூத்துக்குடி, சாத்தூர்… ஊர்ப்பேரு ஒவ்வொண்ணா. 'ழ' மட்டும் ஒரு மூட்டயிலயும் கிட்டல."

"எதுக்குப் படிச்சீங்க?"

அவன் காதுமடல் சிவந்தது.

'கேட்டுவிட்டேன்… இனி நான் சொல்ல வேண்டியதையும் சொல்லத்தான் வேண்டும்.' அவள் குடையின் கைப்பிடியை இறுகப் பற்றினாள்.

"பெரியம்மா கேட்டாங்கல்ல, எனக்குக் கண்ணு இல்லயான்னு…"

"அவங்க சும்மா பறஞ்சது, டீச்சர்…"

"இருந்துச்சு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு." குரல் இறங்கிவிட்டது. "நான் அர்த்தத்தப் பாக்கல… உங்க கையெழுத்தப் பாத்துட்டு இருந்தேன். எனக்காகத்தான் படிச்சிருக்கீங்கன்னு தோணுச்சு. அதுக்கப்புறம் என்ன வாசிச்சேன்னே எனக்குத் தெரியல. தப்பு என் பேர்லயும் இருக்கு. நேத்து அதச் சொல்ல ரோஷம் விடல…"

மழை இன்னும் வலுத்தது. அவன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். தொலைத்ததைத் தேடுகிற கண்கள் இல்லை இப்போது.

"உங்களுக்காகத்தான் படிச்சேன்," என்றான். "எனக்கு… உங்கள ரொம்ப இஷ்டமாக்கும், டீச்சர்."

"டீச்சர் வேண்டாமே…"

"செண்பகம்."

அவள் குடையை விரித்து, நனைந்துகொண்டிருந்த அவன் தோளுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள்.

"எனக்கும்," என்றாள்.