இருவரும் இசைந்தால் மட்டும்

லிஃப்டுக்குள் நுழைந்ததும் தில்லைநாயகி பக்கத்து வீட்டு ரெஜினாவின் தோள்பட்டையைப் பார்த்தாள். பெருங்குடியின் அந்த நாற்பது மாடிக் குடியிருப்பில் அதுதான் நாகரிகம். முதலில் தோளில் அணிந்திருக்கும் பட்டையின் கறுப்பு வெள்ளைக் கட்டக்குறி, பிறகுதான் முகம். கண்ணில் பொருத்தியிருந்த வில்லை அரை நொடி யோசித்துவிட்டு ஓரத்தில் சிவப்பாக எழுதியது: பேச்சு இல்லை. தில்லைநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். ரெஜினாவும் குனிந்துகொண்டாள். தரைத்தளம் வந்ததும் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

கீழே காய்கறி எடுக்கும்போதும் சிவப்பு, பூங்காவில் நடக்கும்போதும் சிவப்பு. கணவர் கருணாகரன் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அன்று முதல் இதே கதைதான். அவருடைய காரியத்துக்கு வந்தவர்கள்கூடக் கும்பிட்டுவிட்டுப் போனார்களே தவிர, வாய் திறக்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் தன் குரலைக் கேட்கவே அவள் குக்கரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சிசைவுச் சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. வேண்டாதவர்கள் வந்து தொணதொணக்கும் தொல்லை ஒழிந்தது. ஒவ்வொருவரும் அணியும் மின்தாள் பட்டையில் அவரவர் விருப்பம் கட்டக்குறியாக ஓடும். இரண்டு பேருடைய குறியும் திறந்திருந்தால் பச்சை. ஒன்று மூடியிருந்தாலும் சிவப்பு. யார் மூடியது என்று மட்டும் வில்லை சொல்லாது. சொன்னால் மனம் புண்படுமாம்! சொல்லாததால் புண்பட்டவர்களைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு நேரம் இருந்தது?

தன் குறி திறந்தே இருப்பதாக நம்பிய தில்லைநாயகிக்கு, மூடியது யார் என்று தெரிந்தே ஆகவேண்டும். குறிப்பாக, ரெஜினா மூடினாளா என்று. கருணாகரன் இருந்தவரை, ‘அக்கா, மீன் வாங்கினேன்’ என்று வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசியவள். அப்படி என்ன கோபம் அவளுக்கு? மூடியது அவள்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால், காத்திருப்பதையாவது நிறுத்திவிடலாம்.

வில்லை உயிருள்ள ஆளின் குறியைத்தான் படிக்கும். படத்தில் இருப்பதையும் கண்ணாடியில் தெரிவதையும் தொடாது. ஆனால் கருணாகரனின் பழைய மடிக்கணினியில் சட்டத்துக்கு முந்தைய உலாவி ஒன்று இருந்தது. அதில் அவர் சேமித்து வைத்திருந்த பக்கத்தில் படத்தைப் போட்டால், அதிலுள்ள குறியை அங்கேயே பிரித்து எழுத்தாக்கிவிடும். படம் கணினியை விட்டு வெளியே போகாது, யாருக்கும் தெரியாது.

குடியிருப்பின் இந்த வருஷப் பொங்கல் குழுப்படத்தை எடுத்தாள். ரெஜினாவின் தோளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டாள். ‘குறி எதுவும் தென்படவில்லை’ என்றது பக்கம். மூலையில் இருக்கும் கட்டங்களில் ஒன்று சேலை மடிப்பில் பாதி மறைந்திருந்தது. அதே விழாவின் வேறொரு படம் தேடி, சாய்வை நிமிர்த்தி, வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி போட்டாள்.

‘ரெஜினா. அனைவருக்கும் திறந்துள்ளது.’

அவளால் நம்ப முடியவில்லை. கீழ்வீட்டு வாத்தியாரின் தோளை வெட்டினாள். திறந்துள்ளது. செயலாளர், அவர் மனைவி, எட்டாவது மாடிச் சிடுமூஞ்சிகூடத் திறந்துதான் இருந்தார். கடைசியில், படத்தின் ஓரத்தில் ஒட்டாமல் நின்ற பெண் ஒருத்திதான் மிச்சம். அது அவளேதான். அதையும் வெட்டிப் போட்டாள்.

‘தில்லைநாயகி. அனைவருக்கும் மூடப்பட்டுள்ளது. மூடியவர்: கணவர்.’

அறுவை சிகிச்சை முடிந்து கருணாகரன் படுத்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. விசாரிக்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துபோயிருந்தாள். ‘நீ கொஞ்சம் தூங்கு, நான் பாத்துக்கறேன்’ என்றார். தம்பதியருக்கு ஒருவர் குறியை மற்றவர் மூடும் உரிமை உண்டு. நல்ல மனசோடு மூடியிருக்கிறார். திறப்பதற்குள் போய்விட்டார். பாவி மனுஷன், சொல்லிவிட்டாவது போயிருக்கக்கூடாதா?

குறிப் பதிவகத்தை அழைத்துத் தன் குறியைத் திறக்கச் சொன்னாள். இயந்திரக் குரல் கனிவாகப் பதில் சொன்னது.

“மூடியவரே திறக்க வேண்டும், அம்மா. அவரைப் பேசச் சொல்லுங்கள்.”

“அவர் தவறிட்டாருப்பா.”

“வருந்துகிறோம். அவருடைய ஒப்புதலை மட்டும் பதிவேற்றினால் போதும்.”

“செத்தவர்கிட்ட எங்க போய் ஒப்புதல் வாங்க?”

“வேறு ஏதேனும் உதவி வேண்டுமா, அம்மா?”

அழைப்பைத் துண்டித்தாள். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பட்டை இல்லாமல் வெளியே போவது அரைகுறை உடையோடு போவதற்குச் சமம். போனாள். அழைப்புமணியும் குறி கேட்கும் என்பதால் ரெஜினாவின் கதவைக் கையால் தட்டினாள்.

கதவைத் திறந்த ரெஜினா பதறிப்போனாள். “அக்கா... பட்டை எங்க?”

“கழட்டிட்டேன். நான் மூடலை ரெஜினா. அவர் மூடிட்டுப் போயிட்டார். எனக்கே இப்பத்தான் தெரியும்.”

ரெஜினா கதவை முழுதாகத் திறந்தாள்.

“ஊர்லேருந்து வந்திருந்த எங்கப்பா இந்த வீட்டுலதான் இறந்தாங்க அக்கா. மழைக்காலத்துல. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்க. வருவீங்கன்னு பாத்தேன். லிஃப்ட்ல உங்க முன்னாடியே நின்னு அழுதேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீங்க.”

தில்லைநாயகிக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அன்று இவள் அழுததைப் பார்த்தாள், எதற்கென்று தெரியாது. நம்மை ஒதுக்கினாளே, நன்றாக அழட்டும் என்றுகூட நினைத்தாள்.

“அப்பா பேரென்ன ரெஜினா?” என்று மட்டும் கேட்டாள்.

“சவரிமுத்து.”

அதற்குமேல் ரெஜினாவால் முடியவில்லை. தன் பட்டையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வாசலிலேயே அவள்மேல் சாய்ந்து அழுதாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து உடனே மூடிக்கொண்டது. தில்லைநாயகி இந்த முறை தலையைக் குனியவில்லை.